பேரனுக்கு ஒரு பேஸ் அம்பிளிபயர்

2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு மாலை வேளை, எனது மகளின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "அம்மப்பா, எனக்கு ஒரு அம்ப் வேணும்" என்றான். சில ஆண்டுகளாகவே எனது செவிப்புலன் குறைந்து வருவதால், அவன் "வம்பு வேணும்" என்று கேட்பதாகவே எனக்கு முதலில் விளங்கியது. "அது உங்கட வீட்டில தாராளமாக் கிடைக்குமே ராசா" என்றேன். மறுமுனையில் சிரித்துவிட்டு, சொல்லைத் துண்டு துண்டாக உடைத்துச் சொன்னான்: "அம்-பிளி-ப-யர்."

அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. பாடசாலையின் மேற்கத்திய இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கச் சேர்ந்திருந்தான். நண்பன் ஒருவனின் தமையனிடமிருந்து பழைய பேஸ் கிற்றார் ஒன்றையும் வாங்கி வைத்திருந்தான். ஆனால் அதன் ஒலியை வெளியே கொண்டுவரும் கருவி அவனிடம் இருக்கவில்லை. வீணைக்குக் குடம் உண்டு. சாதாரண கிற்றாருக்கு வயிறு உண்டு. மின்சார பேஸ் கிற்றாருக்கு இவை எதுவும் இல்லை. அது கனத்த பலகைத் துண்டு ஒன்று, நான்கு கம்பிகள், கம்பிகளுக்குக் கீழே காந்தம். அம்பிளிபயர் இல்லாவிட்டால் வாசிப்பவனுக்கே கேட்காது. ஐந்து மாதங்களாக அவன் தனது தாடையைப் பலகையில் அழுத்திவைத்து, எலும்பின் வழியாக வரும் அதிர்வைக் கேட்டே பயிற்சி செய்து வந்திருக்கிறான். இதனை மகள் சொல்லித்தான் அறிந்தேன்.

மருமகனுக்கு இதில் விருப்பம் இருக்கவில்லை. "மாமா, அடுத்த வருசம் அவனுக்கு ஓ.எல். சோதினை. இந்த நேரத்தில இது என்னத்துக்கு?" என்று கேட்டார். ஒரு தகப்பன் கேட்க வேண்டிய கேள்விதான். இறுதியில் வீட்டுச் செலவிலிருந்து ஒரு சதமும் தருவதில்லை என்ற நிபந்தனையுடன் அவர் ஒதுங்கிக்கொண்டார். பேரனிடம் பிறந்தநாள் பணமும் சித்திரைப் புத்தாண்டுக் கைவிசேடமுமாகச் சேர்ந்த 40,000 ரூபா இருந்தது. எனது பங்காக 25,000 ரூபா கொடுப்பதாகச் சொன்னேன். ஆக மொத்தம் 65,000 ரூபா. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களிலேயே 360 ரூபாவை எட்டிய நாடு இது. இறக்குமதியாகும் பொருளை வாங்கச் செல்பவனுக்கு அந்தத் தொகை எவ்வளவு சிறியது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மருமகன் மறுத்த ஒன்றுக்கு நான் ஏன் உடன்பட்டேன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு.

1974 ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்காளனாக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் நான்கு பேர் தங்கியிருந்தோம். அது தமிழ்ப் பொப்பிசையின் காலம். நித்தி கனகரத்தினத்தின் பாடல்களையும் ஏ.ஈ. மனோகரனின் பாடல்களையும் முணுமுணுக்காத இளைஞர்களைக் காண்பது அரிது. நாங்களும் ஒரு குழுவை ஆரம்பித்தோம். ஆறு கம்பிகளைக் கையாளத் தெரிந்த இருவர் கிற்றாரை எடுத்துக்கொண்டனர். எதுவுமே தெரியாத எனக்கு, நான்கு கம்பிகள்தானே என்று பேஸ் கிற்றாரைத் தந்தார்கள். உள்ளூர்த் தச்சர் ஒருவர் செய்தது அது. 1970 இலிருந்து 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் வேறு வழியும் இருக்கவில்லை.

அம்பிளிபயருக்கு எங்கே போவது? வீட்டுக்காரரிடம் ஒரு வால்வு வானொலிப் பெட்டி இருந்தது. அக்காலப் பெட்டிகளின் பின்புறத்தில் கிராமபோனை இணைப்பதற்கென ஒரு துளை இருக்கும். அதில் கிற்றார் வயரைச் செருகினால் ஒலி வரும் என்பதை எங்களில் ஒருவர் கண்டுபிடித்தார். வீட்டுக்காரர் வெளியூர் சென்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் எனது தடித்த கம்பியை அந்தப் பெட்டியின் வழியாக முழு ஒலியில் ஒலிக்கவிட்டேன். அரை மணித்தியாலத்துக்குள் பெட்டியினுள்ளே கிழிந்த துணி படபடப்பதைப் போல ஒரு சத்தம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துவிட்டது. அதனைத் திருத்துவதற்கு எனது அரை மாதச் சம்பளம் போயிற்று. அதைவிட, இரவுச் செய்தி கேட்க முடியாமல் ஒரு வாரம் முழுவதும் திண்ணையில் மௌனமாக அமர்ந்திருந்த அந்த மனிதரின் முகம் இன்றும் நினைவிலிருக்கிறது. அதன்பின் எவரும் என்னிடம் அம்பிளிபயரைப் பற்றிக் கதைக்கவில்லை. குழுவும் கலைந்தது. அந்தப் பேஸ் கிற்றார் பல ஆண்டுகள் என்னுடனேயே இருந்து, 1983 ஜூலையில் எனது அறையுடன் சேர்ந்து எரிந்து போயிற்று.

ஆகவே, பேரன் கேட்டபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஒரு பொருத்தமற்ற பெட்டி எனது இசையை ஓர் அரை மணித்தியாலத்தில் முடித்துவைத்தது. அவனுக்கு அவ்வாறு நிகழக் கூடாது. பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்த ஒரே வழி விசாரிப்பது; நானும் விசாரிக்கத் தொடங்கினேன். இசைக்கலைஞர்களிடமும் திருத்துநர்களிடமும் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். உலகின் எந்த மூலையிலாவது ஒரு தமிழ்ப் பிள்ளை இதே கேள்வியுடன் தாத்தாவிடம் வந்து நிற்கக்கூடும்.

முதலில், பேஸ் கிற்றாருக்கென்று தனியான அம்பிளிபயர் ஏன் வேண்டும்?

சாதாரண கிற்றாரின் மிகத் தாழ்ந்த கம்பி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. பேஸ் கிற்றாரின் தாழ்ந்த கம்பி அதில் பாதி, அதாவது 41 முறை. தாழ்ந்த ஒலியை உரக்கக் கேட்கச் செய்வதற்கு ஸ்பீக்கரின் கூம்பு அதிக தூரம் முன்னும் பின்னும் அசைந்து, அதிக காற்றைத் தள்ள வேண்டும். சாதாரண கிற்றாருக்கான ஸ்பீக்கர்கள் அவ்வளவு அசைவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மெல்லிய ஒலியில் வாசித்தால் பாதகமில்லை. ஒலியைக் கூட்டினால் முதலில் கரகரப்பு, பின்னர் கிழிசல். எனது வானொலிப் பெட்டிக்கு நேர்ந்ததும் இதுவே.

இந்தச் சிக்கல் பேஸ் கிற்றார் பிறந்தபோதே கூடப் பிறந்தது. அமெரிக்காவில் லியோ ஃபென்டர் தமது பிரிசிஷன் பேஸை 1951 இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதற்கென 15 அங்குல ஸ்பீக்கர் பொருத்திய பேஸ்மன் என்னும் அம்பிளிபயரையும் கொண்டுவர வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவெனில், பிற்காலத்தில் பேஸ்மனைப் பேஸ் வாசிப்போரைவிடக் கிற்றார் வாசிப்போரே பெரிதும் விரும்பினர். லண்டனில் ஜிம் மார்ஷல் தமது முதலாவது அம்பிளிபயரை அதன் மாதிரியிலேயே செய்தார்.

பெரிய கலைஞர்களும் இச்சிக்கலுக்குத் தப்பவில்லை. லிவர்பூல் நாட்களில் போல் மக்கார்ட்னி பயன்படுத்திய ஸ்பீக்கர் பெட்டி, ஏட்ரியன் பார்பர் என்ற சக இசைக்கலைஞர் தம் கையால் செய்துகொடுத்தது. பிரேதப் பெட்டி போலிருந்ததால் அதற்குச் 'சவப்பெட்டி' என்றே பெயர். 1962 ஜூன் 6 ஆம் திகதி பீற்றில்ஸ் குழு லண்டன் ஈ.எம்.ஐ. ஒலிப்பதிவுக்கூடத்துக்கு முதன்முதலாகச் சென்றபோது, மக்கார்ட்னியின் பேஸ் கருவியிலிருந்து வந்த ஒலி பதிவுக்கு உதவாது என்று பொறியியலாளர்கள் கூறிவிட்டனர். எதிரொலி அறையிலிருந்த ஸ்பீக்கர் ஒன்றைத் தூக்கிவந்து வேறோர் அம்பிளிபயருடன் இணைத்தே அன்றைய பதிவை நடத்தினார்களாம். இதனைப் பேரனுக்குச் சொன்னபோது அவன் மிகவும் மகிழ்ந்தான். பணமில்லாத பேஸ்காரர்களின் வரிசையில் தான் தனியனல்ல என்பது அவனுக்கு ஆறுதலாயிருந்தது போலும்.

மோட்டவுன் நிறுவனத்தின் புகழ்பெற்ற பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் செய்தியும் இங்கு பொருந்தும். மேடைகளில் அவர் ஆம்பெக் நிறுவனத்தின் பி-15 என்னும் அம்பிளிபயரைப் பயன்படுத்தினார். ஒலிப்பதிவுக்கூடத்திலோ, பெரும்பாலும் அவருடைய கிற்றார் வயர் நேரடியாகப் பதிவு மேசையிலேயே செருகப்பட்டது. உலகம் இன்றுவரை கேட்டு வியக்கும் பேஸ் ஒலிகளுள் பல அம்பிளிபயரே இல்லாமல் பதிவானவை. அம்பிளிபயர் கலைஞனை உண்டாக்குவதில்லை. அவன் செய்வதை அவனுக்கே கேட்கச் செய்கிறது, அவ்வளவுதான். முதல் அம்பிளிபயரை வாங்குபவர் இதனை நினைவிலிருத்தினால் பாதிப் பணம் மிச்சம்.

இனி எங்கள் தேடலுக்கு வருகிறேன்.

முதலில் கொழும்பில் ஓர் இசைக்கருவிக் கடைக்குச் சென்றோம். விற்பனையாளர் மிகவும் மரியாதையானவர். எங்களிடமிருந்த தொகையைக் கேட்டறிந்ததும், பளபளக்கும் பெட்டி ஒன்றைக் காட்டினார். அதன் முகப்பில் பெரிய எழுத்தில் பல நூறு வாட் என்று அச்சிடப்பட்டிருந்தது. பக்கத்தில் சிறிய எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்றிருந்தது. நாற்பது ஆண்டுகள் ஆசிரிய பீடத்தில் இருந்தவனின் கண்கள் எப்போதும் சிறிய எழுத்தையே முதலில் தேடும். இந்த நான்கு எழுத்துகளுக்கும் விளம்பரத்துக்கு அப்பால் பெறுமதி கிடையாது. ஒரு கருவி ஒரு கணப்பொழுதில் தாங்கக்கூடியதாகக் கற்பனை செய்யப்படும் உச்சத்தை அது குறிக்கிறது. நம்பத்தக்கது 'ஆர்.எம்.எஸ்.' என்று குறிக்கப்படும் தொடர் வலு மாத்திரமே. அந்தப் பெட்டியில் அது எங்குமே காணப்படவில்லை. அது கரோக்கிப் பாடல்களுக்கான பெட்டி என்பது பின்னரே தெரியவந்தது.

வாட் கணக்கில் இன்னொரு மயக்கமும் உண்டு. 20 வாட் கருவியைவிட 40 வாட் கருவி இரு மடங்கு உரக்க ஒலிக்கும் என்றே நானும் எண்ணியிருந்தேன். உண்மையில் வலுவை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் மாத்திரமே கூடுகிறது. காதுக்கு அது சிறிய வேறுபாடு. இரு மடங்கு உரப்பு என்று காது உணர வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வலு தேவை. எனவே சில வாட்டுகளுக்காக மேலதிகமாகப் பல ஆயிரம் ரூபாவைக் கொடுப்பதைவிட, ஸ்பீக்கரின் அளவையும் பெட்டியின் தரத்தையும் பார்ப்பதே மேல்.

அதே கடையில் உண்மையான பேஸ் அம்பிளிபயர்களும் இருந்தன. ஆரம்பநிலையாளருக்கென்று தயாரிக்கப்பட்டவற்றுள் ஃபென்டரின் றம்பிள் 25, ஆம்பெக்கின் பி.ஏ.-108, ஹார்ட்கீயின் எச்.டி.25 ஆகியன 8 அங்குல ஸ்பீக்கரும் 20, 25 வாட் வலுவும் கொண்டவை. அதற்கு அடுத்த படியில் றம்பிள் 40, ஹார்ட்கீ எச்.டி.50 போன்றவை 10 அங்குல ஸ்பீக்கருடன் வருகின்றன. பேரன் தனது கிற்றாரை இரண்டு அளவுகளிலும் வாசித்துப் பார்த்தான். 8 அங்குலத்தில் தாழ்ந்த கம்பியின் ஒலி சற்று மெலிந்தே கேட்டது. அந்த 41 அதிர்வு சிறிய ஸ்பீக்கரிலிருந்து போதிய அளவு வெளிவருவதில்லை. அதன் மடங்குகளான 82, 123 அதிர்வுகளைக் கேட்டு, அடியில் இருக்க வேண்டிய ஒலியை எமது மூளையே நிரப்பிக்கொள்கிறது. படுக்கையறைப் பயிற்சிக்கு அது போதும். இன்னொருவருடன் சேர்ந்து வாசிப்பதற்கு 10 அங்குலமே நல்லது என்று இருவரும் முடிவு செய்தோம். 10 அங்குலப் பெட்டியின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். எங்களிடமிருந்த தொகையைப் போல் இரு மடங்குக்கு மேல். பேரன் ஒன்றும் பேசாமல் கிற்றாரை உறையில் இட்டான்.

இந்தச் செய்தி குடும்பத்தில் பரவவே, ரொறன்ரோவில் வசிக்கும் எனது தங்கையின் மகன் அழைத்தான். அவனது வீட்டின் நிலவறையில் ஒரு பேஸ் அம்பிளிபயர் பல ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறதாம். டிசம்பரில் ஊருக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொன்னான். பேரன் துள்ளிக் குதித்தான். நான் மாத்திரம், "அதின்ர பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு தம்பி" என்றேன். வந்த படத்தில் நான் அஞ்சியதே இருந்தது: 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் இவ்விடத்தைச் சற்றுக் கவனமாக வாசிக்க வேண்டுகிறேன். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வட அமெரிக்காவுக்கெனச் செய்யப்பட்ட கருவியை இங்கே நேரடியாகச் செருகினால், அதிர்ஷ்டமிருந்தால் பியூஸ் மாத்திரம் எரியும். இல்லாவிட்டால் கருவியே எரியும். எண்பதுகளின் இறுதியில் உறவினர் ஒருவர் கனடாவிலிருந்து ஆசையோடு கொண்டுவந்து தந்த கசெற் ரேடியோ எங்கள் கண்ணெதிரே புகைந்தது எனக்கு மறக்கவில்லை. வோல்ட்டைக் குறைக்கும் மின்மாற்றி வாங்கலாம். ஆனால் அது கருவி எடுக்கும் மின்சாரத்துக்கு மேற்பட்ட கொள்ளளவு உள்ளதாக இருக்க வேண்டும். அதன் விலையும் பாரமும் இலவசமாகக் கிடைத்த பொருளை இலவசம் அல்லாததாக்கிவிடும். சில கருவிகளின் பின்புறத்தில் வோல்ட்டை மாற்றும் ஆளி இருக்கும். சில 100 இலிருந்து 240 வோல்ட் வரை தாமே ஏற்றுக்கொள்ளும். பின்புறச் சீட்டை வாசித்தால் தெரியும். இங்கிலாந்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருபவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. கொடுக்கும் மனம் எவ்வளவு பெரிதானாலும், விமானத்தில் ஏற்றுமுன் சீட்டை வாசியுங்கள்.

மருமகனுக்கு நன்றி கூறி மறுத்துவிட்டேன் என்று எழுத வந்தேன். தங்கை மகனும் எங்கள் முறையில் மருமகன்தான், வாசகர் குழம்பிவிடக் கூடாது. பேரனின் தகப்பனோ இதையெல்லாம் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டேயிருந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை.

மிஞ்சியது பழைய பொருட்சந்தை. 2022 நெருக்கடிக்குப் பின்னர் நாட்டை விட்டுச் செல்லும் இளைஞர்கள் தமது பொருட்களை விற்று வந்தனர். கட்டில், மேசை, மோட்டார் சைக்கிளோடு இசைக்கருவிகளும் விலைக்கு வந்தன. இரண்டு மாதத் தேடலின் பின்னர், தெஹிவளையில் ஒருவரிடம் 10 அங்குல ஸ்பீக்கருடன் 40 வாட் பேஸ் அம்பிளிபயர் ஒன்று இருப்பதாக அறிந்து பேரனுடன் சென்றேன். முப்பது வயது மதிக்கத்தக்க சிங்கள இளைஞர் அவர். நட்சத்திர ஹோட்டல்களில் பேஸ் வாசித்தவர். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள், அதையடுத்துப் பெருந்தொற்று, அதையடுத்துப் பொருளாதார நெருக்கடி என்று மூன்று முறை மேடைகள் மூடப்பட்டதைப் பார்த்தவர். வெளிநாடொன்றில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குச் செல்ல விசா கிடைத்திருந்தது. மேடைக்கான பெரிய கருவிகளை ஏற்கெனவே விற்றுவிட்டார். தாம் பழகிய இந்தச் சிறிய பெட்டியைக் கடைசியாக வைத்திருந்தார். 60,000 ரூபா கேட்டார்.

பழைய அம்பிளிபயரை எவ்வாறு சோதிப்பது என்பதை, அதனை விற்க வந்தவரே எங்களுக்குக் கற்றுத்தந்தார். சொந்தக் கிற்றாரையும் சொந்த வயரையும் கொண்டுசெல்ல வேண்டும். முதலில் எதுவும் செருகாமல் கருவியை இயக்கி, இரைச்சலைக் கேட்க வேண்டும். மெல்லிய இரைச்சல் இயல்பு. பெரிய ரீங்காரம் ஆகாது. பின்னர் தாழ்ந்த கம்பியை மெதுவாக ஒலிக்கவிட்டு, ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். எங்காவது படபடப்புக் கேட்டால் கூம்பு கிழிந்திருக்கலாம், அல்லது பெட்டியில் ஓர் ஆணி தளர்ந்திருக்கலாம். ஆணியை முடுக்கலாம், கூம்பை மாற்றப் பணம் வேண்டும். ஒவ்வொரு குமிழையும் முழுமையாகத் திருப்ப வேண்டும். கறகறவென்றால் தூசு, ஒலி நின்று நின்று வந்தால் பழுது. வயர் செருகும் துளையை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். இருபது நிமிடமாவது தொடர்ந்து இயங்கவிட்டு, சூடேறிய பின்னும் அதே ஒலி வருகிறதா, எரிந்த மணம் எழுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஹெட்ஃபோன் துளையையும், மேடை ஒலியமைப்புக்கு இணைக்கும் வெளியீட்டுத் துளையையும் சோதிக்காமல் எழுந்து வரக் கூடாது.

கடைசி இரண்டும் ஆரம்பநிலையாளருக்கு மிக முக்கியமானவை என்றார் அவர். ஹெட்ஃபோன் துளை இருந்தால் இரவிலும் பயிற்சி செய்யலாம். தொடர்மாடி வீடுகளில் அயலவருடன் பகையில்லாமல் வாழலாம். தாழ்ந்த ஒலி சுவரையும் நிலத்தையும் ஊடுருவிச் செல்லும், கதவை மூடிப் பயனில்லை. மற்றைய துளை இருந்தால் மேடைக்கென்று பெரிய அம்பிளிபயர் தேவைப்படாது. மண்டபத்தின் ஒலியமைப்பே பாரத்தைச் சுமக்கும். தனது பெட்டி தனக்குக் கேட்டால் போதும். ட்ரம்ஸ் வாசிப்பவருக்கு ஈடுகொடுக்க 100 வாட்டாவது வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அது இரண்டாவது அம்பிளிபயருக்கான கணக்கு, முதலாவதுக்கு அல்ல என்றார்.

இன்னொன்றையும் எச்சரித்தார். ரீங்காரத்தைக் குறைப்பதற்காக எர்த் வயரைத் துண்டிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஒருபோதும் செய்யக் கூடாது. கிற்றார்க் கம்பியில் கையும் ஒலிவாங்கியில் உதடும் ஒரே நேரத்தில் படும்போது, அந்த ஒரு வயர்தான் உயிருக்குக் காவல்.

பேரன் வாசித்துப் பார்த்தான். ஐந்து மாதங்கள் தாடை எலும்பில் கேட்டதை அவன் முதல்முறையாக ஆறுதலாக அமர்ந்து காற்றில் கேட்டான். தனது பிழைகளையும் கேட்டான். அவன் முகம் சுருங்கியதை நான் கண்டேன். விற்பவர் சிரித்துக்கொண்டே, தம் விரலால் அவனது இடது கையைச் சற்று நகர்த்திவிட்டார். ஒலி தெளிந்தது.

பழக்கதோஷத்தால் விலை பேச வாயெடுத்தேன். அதற்குள் அவர், "அங்கிள், இந்தக் குமிழ் கொஞ்சம் கறகறக்கும், கேட்டீர்கள்தானே? அதற்காக 2,000 குறைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் கூறினார். பளபளக்கும் பெட்டியில் சிறிய எழுத்தை மறைவாக அச்சிட்டவர்களையும் பார்த்தேன். தனது பொருளின் குறையைத் தானே காட்டி விலையைக் குறைத்தவரையும் பார்த்தேன். 58,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தபோது, அதற்கு மேல் பேச எனக்கு மனம் வரவில்லை. பெட்டியை முச்சக்கர வண்டியில் ஏற்றுவதற்கு அவரே தூக்கிவந்தார். வண்டி புறப்பட்ட பின்னரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

மிகுதி 7,000 ரூபாவில் ஒரு நல்ல வயரும் ஒரு ஹெட்ஃபோனும் வாங்கினோம். முதல் வாரம் பெட்டியை அறை மூலையில் தரையில் வைத்திருந்தான். ஒலி குழம்பிக் கேட்டது. மூலையும் தரையும் தாழ்ந்த ஒலியைப் பெருக்கிக் கலங்கச் செய்யும் என்பதறிந்து, சுவரிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கதிரையின் மேல் வைத்தோம். செலவில்லாமலே இன்னொரு அம்பிளிபயர் வாங்கியது போலிருந்தது.

எனது வேலையில் ஒரு பெரும் பகுதி துணையாசிரியனாகக் கழிந்தது. துணையாசிரியனின் பெயர் பத்திரிகையில் வராது. அவன் தன் வேலையைச் சரியாகச் செய்த நாளில் எவரும் அவனை நினைப்பதில்லை. தலைப்பில் ஒரு தவறு விழுந்த நாளில் ஊரே கேட்கும். பேஸ் வாசிப்பவனின் நிலையும் அதுவே. பாட்டைக் கேட்பவர்கள் பாடகரையும் கிற்றார்க்காரரையும் பார்க்கிறார்கள். பேஸ் நின்றுவிட்டால்தான், ஏதோ ஒன்று சரிந்துவிட்டதென்று உணர்கிறார்கள். அப்படிப்பட்ட வேலையை விரும்பி எடுத்துக்கொள்பவனுக்கு, தான் செய்வது தனக்காவது தெளிவாகக் கேட்க வேண்டும். முதல் அம்பிளிபயரிடம் எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவுதான். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

2024 மே மாதம் பேரன் சோதனை எழுதினான். பெறுபேறுகள் அவனது தகப்பன் அஞ்சியபடி அமையவில்லை. பாடசாலை விழாவில் அவனது பெட்டியிலிருந்து ஒரு வயர் மண்டபத்தின் ஒலியமைப்புக்குச் சென்றது. இன்றும் அதே பெட்டிதான். கறகறக்கும் குமிழை அவன் இன்னும் திருத்தவில்லை.

இறுதியாக ஒன்று. வயதினால் வரும் செவிக்குறைவு உயர்ந்த ஒலிகளையே முதலில் கொண்டுபோகிறது என்று வைத்தியர் எனக்கு விளக்கியிருந்தார். பேச்சில் 'ச', 'த', 'ப' போன்ற எழுத்துகளின் கூர்மை போய்விடும். தாழ்ந்த ஒலிகள் நீண்ட காலம் தங்கும். பேரன் விரைவாகக் கதைக்கும்போது பாதி எனக்கு விளங்குவதில்லை. காதுக் கருவி இருந்தும் அவனைத் திரும்பத் திரும்பக் கேட்க நேரிடுகிறது. அவனும் சில வேளைகளில் சலித்து, "ஒண்டுமில்லை அம்மப்பா" என்று விட்டுவிடுகிறான்.

ஆனால் மகளின் வீட்டு முன்னறையில் நான் அமர்ந்திருக்க, உள்ளே அவன் வாசிக்கத் தொடங்கினால், கதிரையின் கைப்பிடி வழியாகவும் வந்து சேரும் அந்த ஒலியில் ஒன்றும் எனக்குத் தவறுவதில்லை. எங்கே தயங்கினான், எங்கே திருத்திக்கொண்டான் என்பதெல்லாம் தெரிகிறது. முடிந்ததும் வெளியே வந்து, "கேட்டதே?" என்பான்.

கேட்டது என்று சொல்கிறேன். அவனிடம் நான் மறுமுறை கேட்காமல் சொல்லக்கூடிய பதில் அது ஒன்றுதான்.